வராமைக்கான காரணம்

வரவு இடாப்பில்
வந்த பிள்ளைக்கு நீலத்தில் ஒன்று,
வராத பிள்ளைக்குச் சிவப்பில் பூச்சியம்.
அதற்கும் அப்பால், விளிம்போடு ஒட்டி,
விரல் அகலத்தில் ஒரு நிரல்: காரணம்.
ஒரு சொல்லுக்குத்தான் அதில் இடம்.
'காய்ச்சல்' நெருக்கி அடங்கும்.
'மழை' அடங்கி மிச்சமும் இருக்கும்.

மூன்றாம் தரத்தில் பதினேழு பேர்.
தனுர்ஜா என்றால் எழும்பி நின்று பதில்.
கேமிதன் என்றால் மேசைக்கு அடியிலிருந்து பதில்.
ருக்சிகன் என்றால்
இரண்டு கிழமைக்கு மேலாகக்
கூரைத் தகரத்தில் அணில் ஓடும் சத்தம்.

சுவரில் என் கையெழுத்தில் தொங்குகிறது
நல்ல பிள்ளைக்கான பட்டியல்.
ஏழரை மணிக்கு முன்னர் வருவேன்.
நகம் வெட்டியிருப்பேன்.
கை உயர்த்திப் பேசுவேன்.
பொய் சொல்லமாட்டேன்.
வகுப்பில் நித்திரை கொள்ளமாட்டேன்.

அதை ஒட்டிய மறுநாளே
முதலாவது எனக்குத் தவறியது.
குறுமண்வெளித் துறையில் நான் நிற்க,
பாதை அக்கரையில்
ஓர் உழவு இயந்திரம் ஏறுவதற்காகக் காத்து நின்றது.
வாவிக்கு மணி தெரியாது.
விரல் வைக்கும் இயந்திரத்துக்குத் தெரியும்.
ஏழு நாற்பத்திரண்டு என்று காட்டிவிட்டுத்
'தாங்க் யூ' என்றது.
என் காரணத்தை எழுத
அதில் விரல் அகல நிரல்கூட இல்லை.

எண்பது வீதத்துக்குக் குறைந்தால்
வீட்டுக்குக் கடிதம் போகவேண்டும்.
'தங்கள் பிள்ளை ஒழுங்கீனமாக' என்று
அச்சடித்தே வருகிறது வரி.
புள்ளியிட்ட கோட்டில் ருக்சிகன் என்று நிரப்பி
நாலு வளவு தள்ளி இருக்கும் தனுர்ஜாவிடம் கொடுத்துவிட்டேன்.

திங்கள் வந்தான்.
ஏழு இருபதுக்கு.
நகம் வெட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து,
புகையடுப்பு ஊதியவன்போல் கண் சிவந்து.
நான் நிமிரும்வரை கையை உயர்த்தியே நின்று
பிறகு ஒரு கொப்பித்தாளை நீட்டினான்.

'மதிப்புக்குரிய ரீச்சருக்கு,
எனது மகன் ருக்சிகன் பதினொரு நாள் வராததற்கு
மன்னிப்புக் கேட்கிறேன்.
வட்டைக்குள் யானை வருகிறது.
அப்பா வெடி கொளுத்தும்போது
டோச் பிடிக்க ஆள் இல்லை.
அம்மா தம்பியை வைத்திருக்கிறார்.
யானை போனால்தான் விடிகிறது.
விடிந்தால்தான் எனக்கு நித்திரை வருகிறது.
வேளாண்மை வெட்டியதும்
மகன் ஒழுங்காக வருவேன்.
இப்படிக்கு
உண்மையுள்ள
அப்பா.'

கையொப்பம் இடவேண்டிய இடத்திலும்
அப்பா என்றே இருந்தது,
அடியில் அடிமட்டம் வைத்துக் கோடிட்டு.

நாலாவது விதி.
அதிபரிடம் கொண்டுபோகலாம்.
எழும்பிக்கூட விட்டேன்.
ஆனால் போன தவணைச் சொல்வதெழுதலில்
மூன்று தரம் பிழைத்த 'வேளாண்மை'
இங்கே ளகரமும் ணகரமும் தத்தம் இடத்தில் இருக்க
ஒரு குறையும் இல்லாமல் நின்றது.
முகவரி வலப்பக்க மேல்மூலையில்,
நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

'திகதி எங்க?' என்று கேட்டேன்,
வேறு எதைக் கேட்பதென்று தெரியாமல்.

'எந்தத் திகதி ரீச்சர்?
தொடங்கக்குள்ள ஞாயிறு.
முடிக்கக்குள்ள விடிஞ்சிட்டு.'

கடிதத்தை இடாப்பின் மட்டைக்குள் செருகினேன்.
பதினொரு பூச்சியங்களையும் நான் தொடவில்லை.
வராத நாள் வராத நாள்தான்.
காரணத்தில் மட்டும் 'யானை' என்று எழுதினேன்.
அடங்கியது.
ஐகாரத்தின் சுழி மாத்திரம் கோடு தாண்டி
ஒரு நாளும் தவறாமல் வரும்
ரதுசிகாவின் வரிசைக்குள் கொஞ்சம் போனது.

இரண்டாம் பாடம் கணிதம்.
ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில்
மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து
ஒழுங்காகக் கையை உயர்த்தினான் கேமிதன்:
'ரீச்சர், ருக்சிகன் நித்திரை கொள்றான்.'

கையும் உயர்த்தியிருந்தான்.
சொன்னதும் பொய்யில்லை.
பதினாறு முகங்களும் என்னைப் பார்த்தன,
பிறகு சுவரைப் பார்த்தன.

'சத்தம் போடாத மகன்' என்றேன்.

பட்டியலில் அப்படி ஒரு விதி
இல்லை.